இரவல் பருவம்

தமிழ்ப் புதுக்கவிதையில் இத்தனை வருஷங்களாக உதிர்ந்துகொண்டிருக்கும் இலை எந்த மரத்து இலை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தனிமை வேண்டுமா, காதல் முறிந்ததா, வயதாகிவிட்டதா, உடனே ஒரு மரம் மொட்டையாக நின்றுவிடும். காலடியில் சருகு. மேலே 'இலையுதிர்காலம்' என்று தலைப்பு. மரத்துக்குப் பெயர் இராது. மாதத்துக்கும் பெயர் இராது. நல்ல கவிதைகளும் அவற்றில் உண்டு. மரம்தான் இல்லை.

தொல்காப்பியர் வருஷத்தை ஆறு பொழுதுகளாகப் பிரித்தார். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இலை உதிர்வதற்கென்று அதில் ஒரு பொழுது ஒதுக்கப்படவில்லை. மேற்கே மரங்கள் உதிர்க்கிற ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வாய்ப்பது கூதிர். நெடுநல்வாடையின் கூதிர். வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து வரும். ஆனால் வெளியே எல்லாம் பச்சை ஏறுகிற காலம் அது. நம்மூரில் உதிர்க்கிற மரங்களான அரசு, இலவம், தேக்கு, வேம்பு எல்லாம் பெரும்பாலும் பனி விலகி வெயில் ஏறும்போது உதிர்க்கின்றன. அதிலும் வேம்பு, ஒரு கிளையில் உதிர்த்துக்கொண்டிருக்கும்போதே மறு கிளையில் துளிர்த்துவிடும். துக்கத்துக்கு அவகாசம் தராத மரம்.

சொல் எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பி.ஏ. ஆங்கில வகுப்பிலிருந்து வந்தது. நானும் அதே வகுப்பில் உட்கார்ந்தவன். கீட்ஸ் 1819 செப்டம்பரில் வின்செஸ்டரில் எழுதிய கவிதையை எங்களுக்கு நடத்தினார்கள். ஆட்டம் என்றால் முதுமை, முதுமை என்றால் சாவு என்று நோட்ஸ் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கவிதையில் ஓர் இலைகூட உதிர்வதில்லை. பழுத்துக் கனக்கும் பழங்கள், அறுத்த வயல், குருவிகள். இலை உதிர்வது அதற்கடுத்த மாதம், இத்தாலியில், ஃப்ளாரென்ஸுக்குப் பக்கத்தில், ஷெல்லி மேல்காற்றைப் பார்த்து எழுதிய கவிதையில். இரண்டையும் ஒன்றாகக் கலக்கி நமக்குப் புகட்டிவிட்டார்கள். தமிழில் உதிர்கிற இலை பெரும்பாலும் ஷெல்லியினுடையது. இன்னும் ஒன்று. தோரோ 1862இல் இறந்தபின் 'அட்லாண்டிக் மன்த்லி'யில் வெளிவந்த இலைநிறங்கள் பற்றிய கட்டுரையில், இங்கிலாந்தின் மரங்கள் அவ்வளவாகச் சிவப்பதில்லை, ஆகவே ஆங்கிலக் கவிதையிலும் அந்த நிறம் இல்லை என்கிற தொனியில் ஒரு விஷயம் சொல்கிறார். ஆக நாம் இரவல் வாங்கியது நிறமில்லாத இடத்திலிருந்து.

இதையெல்லாம் நான் புத்தகத்தைக் கொண்டு மட்டும் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் நியூ ஹாம்ப்ஷயரில் இந்தப் பருவத்தை நேரில் பார்க்க நேர்ந்தது. பார்த்தது நானும் அம்மாவும். சொல்லப்போனால் பார்த்தது அம்மா.

அக்காவும் அத்தானும் நாஷுவாவில் இருக்கிறார்கள். பதினாறு வருஷமாக. அம்மாவுக்கு எழுபது முடிகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் அக்கா. கண்டுபிடித்தவள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பாஸ்போர்ட்டில் அம்மா பிறந்தது ஜூன் மாதம். அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று ஹெட்மாஸ்டர் பெற்றெடுத்த தேதி. அம்மாவைக் கேட்டால், "புரட்டாசிப் பௌர்ணமி, ரேவதி. ராத்திரி நல்ல நிலா வெளிச்சம்னு எங்கம்மை சொல்லுவா" என்பாள். வருஷம் ஜய. அக்கா பழைய பஞ்சாங்கக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து 1954 அக்டோபர் என்று முடிவு கட்டினாள். அந்த ஊரில் மலை சிவக்கிற மாதமும் அதுவாகவே இருந்தது. மூன்று நாள் விடுமுறை வந்தது. எல்லோருமாக வண்டியில் போய் இலைகளைப் பார்ப்பது என்று தீர்மானமாகிவிட்டது. அங்கே இதற்கென்றே ஜனங்கள் கிளம்புகிறார்கள். அவர்களுக்கு லீஃப் பீப்பர்ஸ் என்று பெயர். எந்த மாவட்டத்தில் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று வரைபடம் போட்டு அரசாங்கமே வெளியிடுகிறது, நம் வானிலை மையம் புயல் சின்னத்துக்குப் போடுவதைப்போல.

அம்மாவின் பிறந்தநாள் என்று எங்கள் வீட்டில் ஒன்று இருந்ததில்லை. நம்மிடம் அறுபதுக்கு, எழுபதுக்கு, எண்பதுக்குச் சடங்குகள் உண்டுதான். ஆனால் எண்ணப்படுகிற வயது கணவனுடையது. மனைவி பக்கத்தில் உட்காருகிறாள், தண்ணீர் இருவர் தலையிலும் விழுகிறது. அப்பா அறுபதுக்கு முன்பே போய்விட்டார். எனவே அம்மாவின் வயதை எண்ணுவதற்கு யாரும் இல்லை, நான் வேலை பார்க்கிற பாங்கைத் தவிர. அப்பா தபால் இலாகாவில் இருந்தவர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். வருஷா வருஷம் நவம்பரில் வந்து உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் கிளையில் அந்த ஒரு மாதம் முழுக்க வராந்தாவில் வயசாளிகள். வரிசையில் ஒருவர் குறைந்தால் மற்றவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. இதைப் பற்றி யாராவது ஒரு கதை எழுதியிருக்கலாம்.

பிறந்தநாள் என்பது அக்கா சொன்ன காரணம். இன்னொன்றும் இருந்தது. அம்மா அங்கேயே தங்கிவிட வேண்டும். அதற்கான காகிதங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஃபைலில் இருந்தன. உடன்குடிப் பக்கத்தில் இருக்கிற வீட்டையும் அதைச் சேர்ந்த மூன்று ஏக்கரையும் விற்றுவிடலாம். ஃபைல் எனக்குக் காட்டப்பட்டது, அம்மாவுக்குக் காட்டப்படவில்லை. எழுத்தறிவுள்ள இரண்டு பேர் சேர்ந்து மூன்றாவது ஆளுக்காக முடிவு செய்கிற விஷயத்தில் எனக்கு இயல்பாகவே கூச்சம் உண்டு. ஆனால் அக்கா பக்கத்திலும் நியாயம் இருந்தது. நான் இருப்பது திருநெல்வேலியில். அம்மா ஊரில் தனியாக. இரவில் விழுந்தால் காலையில் பால்காரன் வந்தால்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். அம்மா சேலைக்கு மேலே அத்தானின் நீலக் கோட்டு, காலில் சாக்ஸ், சாக்ஸோடு செருப்பு. புளியோதரை, வாழைப்பழம், வெந்நீர். பேத்தி பன்னிரண்டு வயது, ஆச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மான்செஸ்டர் என்று ஒரு ஊர். ஆற்றங்கரையில் செங்கல் மில்கள் வரிசையாக நிற்கின்றன, பழைய பஞ்சாலைகள். அதையும் தாண்டி, காங்கர்டையும் தாண்டி, காப்பிக்காக நெடுஞ்சாலையை விட்டு ஒரு கிளைச்சாலையில் இறங்கினோம். சாலையோரம் மரங்கள். அவ்வளவு நெருக்கமில்லை. அம்மா இறங்கி நின்று உள்ளே பார்த்தாள். மரங்களின் நிறத்தை அல்ல.

"அது யாரு அடுக்குனது?"

கல் மதில். இடுப்புயரம் இருக்கும். சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல்லாக வைத்தது. காட்டுக்குள் நேராகப் போய் ஒரு திருப்பம் திரும்பி மறுபடி போகிறது. காட்டு நடுவே வேலிக்கு என்ன ஜோலி?

அத்தான் விஷயம் தெரிந்தவர். அவர் சொன்னதையும் நான் பின்னால் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் காடு பழைய காடு அல்ல. வெள்ளைக்காரக் குடியேறிகள் மரத்தை வெட்டி வயலாக்கினார்கள். மண்ணுக்குள் பனியுகம் விட்டுப்போன கற்கள். ஒவ்வொரு வருஷமும் உறைந்து இளகும் மண் புதிதாகக் கற்களை மேலே தள்ளும். பொறுக்கிப் பொறுக்கி எல்லையில் அடுக்கினார்கள். பிறகு மெரினோ ஆடு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் நியூ இங்கிலாந்தின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் பாதிக்கு மேல் வெட்டவெளி. 1825இல் ஈரி கால்வாய் திறந்தது. பிறகு ரயில். மேற்கே கல்லில்லாத கருமண் இருக்கிறது என்று தெரிந்ததும் ஆண்கள் அங்கே போனார்கள். பெண்பிள்ளைகள் பஞ்சாலைகளுக்குப் போனார்கள். வயல் தரிசாயிற்று. தரிசில் முதலில் பைன், பிறகு மேப்பிள், பர்ச், ஓக். இன்று லட்சக்கணக்கில் ஜனங்கள் கார் ஏறி வந்து பார்க்கும் நிறத்தில் பெரும் பங்கு, கைவிடப்பட்ட விளைநிலத்தின் நிறம். வடக்கே மலைமேல் இருப்பது வேறு கதை. அங்கே மரக் கம்பெனிகள் மொட்டையடித்து, மிச்சம் தீயில் போய், 1911இல் ஒரு சட்டம் வந்தபிறகு அரசாங்கம் நிலத்தை வாங்கிக் காடாக விட்டது.

அம்மாவுக்கு அத்தான் இதில் பத்தில் ஒரு பங்குதான் சொன்னார். அது போதுமாயிருந்தது.

"வெள்ளாமை பாத்தவன் போயிட்டா உடைதான் மொளைக்கும். இங்க மேப்பிளு" என்றாள். மூன்று ஏக்கரில் ஒன்றில் இப்போதே சீமைக்கருவை ஏறியிருக்கிறது. பனைகள் நிற்கிற இரண்டு ஏக்கர் தப்பியிருக்கிறது. அக்கா காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கல் மதிலையே பார்த்தாள். அவள் அந்தச் சாலையில் இருபது தடவையாவது போயிருக்க வேண்டும்.

லிங்கனிலிருந்து கான்வே வரைக்கும் போகிற கங்காமேகஸ் சாலை 34 மைல் சொச்சம். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரோடு மோதி, கடைசியில் ஜனங்களோடு வடக்கே ஒதுங்கிப் போன பெனகுக் தலைவனின் பெயர் அது. விரட்டிய பிறகு சாலைக்குப் பெயர் வைப்பது எல்லா தேசத்திலும் நடக்கிறது. வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது. 2855 அடி உயரத்தில் ஒரு கணவாய். அங்கே வண்டியை நிறுத்த இடம் கிடைக்க இருபது நிமிஷம் ஆயிற்று.

வர்ணிக்க எனக்குப் பிரியமில்லை. கண்ணெட்டும் மட்டும் மலைகள், மலைகளில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, இடையிடையே பைனின் கரும்பச்சை. இதற்கு மேல் சொன்னால் காலண்டர் ஆகிவிடும். எனக்கு அந்த நேரத்தில் இருந்தது ஒருவகைக் கிலி. எழுபது வயதுத் தாய், எதிரில் பழுத்த மலை. படிமம் தானே நடந்து வந்து கையில் ஏறுகிறது. வெட்கமில்லாத படிமம். இந்தக் காட்சியைக் கொண்டுவந்து நானூறு வார்த்தையில் கொட்டி அழக்கூடிய ஆறு பேரையாவது எனக்குத் தெரியும். அம்மா என்ன சொல்வாள் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேத்தியிடம் சொன்னாள்:

"எல்லாம் தளிர் விட்ட மாதிரில்லா இருக்கு."

நிஜம்தான். நம்மூரில் இலை சிவப்பாக இருந்தால் அது பிறந்திருக்கிறது என்று அர்த்தம். மாந்தளிர் சிவப்பு. அரசந்தளிர் செம்பு. சங்கப் பெண்ணின் மேனிக்கு உவமை மாந்தளிர். பட்டுச்சேலைக்கும் அந்த நிறத்தின் பெயரில் ஒரு வகை உண்டு. சிவந்த இலையிலிருந்து சாவை எடுத்துக்கொள்ளத் தமிழ்க் கண்ணுக்கு எந்த முகாந்திரமும் இல்லை. அம்மா பார்த்தது ஒரு மலை முழுக்க மாசிமாதத்து மாமரம்.

வேடிக்கை என்னவென்றால் ரசாயனமும் அம்மா பக்கம் கொஞ்சம் சாய்கிறது. பகல் குறுகிக் குளிர் வந்ததும் மரம் இலையிலிருந்து பச்சையைக் கலைத்து அதிலிருந்த சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காம்படியில் தக்கை போன்ற ஒரு அடுக்கு வளர்ந்து வழியை அடைக்கிறது. மஞ்சள் கோடை முழுவதும் இலையில் இருந்ததுதான், பச்சை விலகியதும் தெரிகிறது. ஆனால் சிவப்பு அப்படி அல்ல. இலைக்குள் மாட்டிக்கொண்ட சர்க்கரையிலிருந்து மரம் அதைப் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிருமாக இருந்தால் கூடுதலாகச் செய்கிறது. ஆந்தோசயனின். மாந்தளிரைச் சிவக்க வைப்பதும் அந்த வகைப் பொருள்தான். இன்னும் பத்து நாளில் உதறப்போகிற இலைக்கு ஒரு மரம் ஏன் இவ்வளவு செலவு செய்ய வேண்டும்? சத்தை இழுத்து முடிக்கும்வரை வெயிலிலிருந்து காப்பாற்ற என்று ஒரு கட்சி. பூச்சிகளுக்கு, நான் பலமாக இருக்கிறேன், இங்கே வந்து முட்டையிடாதே என்று சொல்வது என்று இன்னொரு கட்சி. ஹாமில்டன் இறந்தபின் 2001இல் வெளியான கட்டுரை அதைச் சொல்கிறது. வழக்கு இன்னும் தீரவில்லை. எப்படியானாலும் நோட்ஸில் கொடுத்த அர்த்தத்தை மரம் ஒப்புக்கொள்ளவில்லை.

முதுமைக்கும் இலைக்கும் எங்கள் பக்கத்தில் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்று பனங்காட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அம்மா அதை அன்றும் சொன்னாள், பேத்தி அவள் சாக்ஸைப் பார்த்துச் சிரித்தபோது. ஆனால் அந்தப் பழமொழி பனையில்தான் நடக்கும். பனையில் குருத்தும் காவோலையும் ஒரே மரத்தில், ஒரே சமயத்தில் இருக்கின்றன. ஒன்று விழும்போது பார்த்துச் சிரிக்க இன்னொன்று மேலே இருக்கிறது. அதன் முறை பிறகு வரும். மேப்பிளில் எல்லாம் ஒரு வாரத்தில் போய்விடுகின்றன. சிரிக்க ஆளில்லை. இரண்டும் வேறு வேறு முதுமைகள். ஒன்றைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றின் சொல்லை உபயோகித்தால் கவிதையில் எங்கோ ஒரு பல் ஆடத்தான் செய்யும்.

ஸ்விஃப்ட் ஆற்றின் மேல் 1858இல் கட்டிய மரப்பாலம் ஒன்று உண்டு, கூரை போட்ட பாலம். பாலத்துக்கு ஏன் கூரை என்றால் அடியிலுள்ள உத்தரங்கள் மழையிலும் பனியிலும் மக்காமல் இருக்க. படம் எடுக்கிறவர்களின் கூட்டம். கடந்து வந்தோம்.

கான்வேயை நெருங்குமுன் ஒரு கடையில் மேப்பிள் பாகு விற்றார்கள். குச்சியில் தொட்டு ருசி பார்க்கக் கொடுத்தார்கள். அம்மா நாக்கில் வைத்ததும் முகம் மாறியது. "கூப்பனில்லா இது!" பதனி கருப்பட்டியாக இறுகுவதற்கு முன்னால் பாகாக நிற்கிற கட்டம். அம்மாவின் அப்பா பனை ஏறியவர். அவளுடைய அம்மை விறகு தள்ளிக் காய்ச்சியவள். கடைக்காரப் பெண்ணிடம் கேட்கச் சொல்லி அம்மா கேள்விகள் கேட்டாள், நான் துபாஷி. எந்த மாசம் இறக்குவீர்கள்? பனி இளகுகிற மார்ச் வாக்கில். எத்தனை குடத்துக்கு ஒரு குடம்? ஏறத்தாழ நாற்பதுக்கு ஒன்று. நாற்பதா! பதனி எவ்வளவோ தேவலாம். மரத்தில் ஏறவேண்டுமா? வேண்டாம், தரையில் நின்று துளை போட்டால் போதும். இந்த ஒரு பதிலுக்கு அம்மா பேச்சற்றுப் போனாள். அவளுடைய சித்தப்பா ஒருவர் பனையிலிருந்து விழுந்து செத்தவர்.

"நின்னுக்கிட்டேயா" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா அன்று முழுதும் வாய்விட்டுப் பேசியது இந்த ஐந்து நிமிஷம்தான். மலையைப் பார்க்க அவளை அழைத்துப் போனது வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் இயற்கைக் காட்சி என்பதை நாம் நினைக்கிற மாதிரி எல்லோரும் பார்ப்பதில்லை. அந்தப் பெண்ணும் அம்மாவும் பேசியது காய்ச்சுகிற இருவரின் பேச்சு. அதற்கு வெளியே நின்று நிறத்தை ரசித்தவர்கள் நாங்கள் மூன்று பேர்.

திரும்பும் வழியில் அக்கா பேச்சை எடுத்தாள். நேரடியாக இல்லை. இங்கே ஆஸ்பத்திரி பக்கம், வீட்டில் கீழ்த்தளத்திலேயே அறை, படி ஏறவேண்டாம், பிள்ளைக்கும் தமிழ் வரும். அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள்.

"இந்த மரம்லாம் மொட்டையா எத்தனை மாசம் நிக்கும்?"

"ஏப்ரல் கடைசி வரைக்கும்மா. மே-ல துளிர்த்திரும்."

அம்மா விரலில் எண்ணினாள். ஆறு மாதத்துக்கு ஒரு கை போதவில்லை.

"இருக்கலாந்தான்ளா. ஆனா நவம்பர்ல பேங்குல ஆளக் காட்டணும்லா. இல்லன்னா அப்பா பணம் நின்னுபோவும். என்னய்யா, நேர்லதான வரணும்?"

கேள்வி எனக்கு. 2014லிருந்தே விரல்ரேகை வைத்து எங்கிருந்தும் அந்தச் சான்றிதழைக் கொடுக்கலாம். 2021லிருந்து செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தூதரகம் இருக்கிறது. வருஷத்துக்கு நூறு பேருக்காவது கவுன்ட்டரில் இதை நான் விளக்குகிறேன். அக்காவுக்கும் தெரியும். முன் ஸீட்டிலிருந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"நேர்ல வந்தா நல்லதும்மா" என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அத்தான் ஹீட்டரைக் கூட்டிவைத்தார். பேத்தி ஆச்சியின் தோளில் தூங்கிப் போயிருந்தாள், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையச் சிவப்பு இலைகள். அம்மா அந்தப் பையின் வாயை, கருப்பட்டிச் சிப்பத்தைக் கட்டுவதுபோல, முறுக்கி முடிச்சுப் போட்டாள். விடுமுறைக் கூட்டத்தில் முக்கால் மணி நேரமாக வண்டிகள் நகரவில்லை.